சூடேறும் கணிப்பொறியைத் தூக்கி எறியலாமா?



உங்களில் பலருடைய வீட்டில் மேசைக் கணிப்பொறி இருக்கும். அதில் பாடமும் படிப்பீர்கள், விளையாடவும் செய்வீர்கள். விளையாட ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் உள்ளே இருக்கும் விசிறி இரையத் தொடங்குகிறது. திரையில் படம் விட்டுவிட்டு நகர்கிறது. பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் கணிப்பொறி தானாகவே அணைந்துவிடுகிறது. பெட்டியின் பின்புறம் கையை வைத்தால் இட்லிப் பானை மூடியைத் தொட்டாற்போல் சுடுகிறது.

இந்தச் சமயத்தில் மூன்று விதமான தீர்ப்புகள் வழங்கப்படுவதுண்டு. "எப்போது பார்த்தாலும் விளையாட்டு! அதனால்தான் சூடாகிறது, நிறுத்து" என்பார் அப்பா. "ஏ.சி. இல்லாத ரூமில் கம்ப்யூட்டர் வைத்தால் இப்படித்தான்" என்பார் எதிர்வீட்டு அண்ணன். "போர்டு வீக் ஆகிவிட்டது, புதுசாக வாங்கிவிடுங்கள்" என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னாலும் சொல்வார். வட சென்னையில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, மாணவர்கள் ஆண்டுதோறும் இம்மூன்றையும் வந்து சொல்வது பழகிவிட்டது. இம்மூவரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. எவரும் வெப்பநிலையை அளந்து பார்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடேறும் கணிப்பொறியைப் பற்றி எந்த முடிவுக்கு வருவதற்கு முன்னும், இரண்டு வெப்பநிலைகளை அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தலின் விடை, குற்றம் கோடைக்காலத்தினுடையதா, கணிப்பொறியினுடையதா என்று காட்டிக் கொடுத்துவிடும். குற்றம் கணிப்பொறியினுடையது என்றாலும் பெரும்பாலும் ஒரு திருப்புளியும் ஒரு தூரிகையும் போதும். புதுக் கணிப்பொறி வேண்டியதில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகக் குடியிருக்கும் நாம் இதை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மின்விசிறிக்குக் கொடுக்கும் மின்னாற்றல் காற்றை நகர்த்துகிறது. மோட்டார் பம்புக்குக் கொடுக்கும் மின்னாற்றல் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. கணிப்பொறிக்குக் கொடுக்கும் மின்னாற்றல் என்ன ஆகிறது? அது எந்தப் பொருளையும் தூக்குவதில்லை, எதையும் இழுப்பதில்லை. கணக்குப் போட்டு முடித்ததும், உள்ளே சென்ற ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. விளையாட்டு நடக்கும்போது ஒரு கணிப்பொறி 300 வாட் திறனை எடுத்துக்கொள்கிறது என்றால், உங்கள் அறையில் 300 வாட் அடுப்பு ஒன்று எரிகிறது என்றே பொருள்.

இது புதிய பிரச்சினை அன்று. 1946இல் அமெரிக்காவில் மக்கள் பார்வைக்கு வந்த 'எனியாக்' கணிப்பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்திறனை விழுங்கியது. அதைக் குளிர்விக்கவே பெரிய காற்றோட்ட ஏற்பாடு தேவைப்பட்டது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்த ஐ.பி.எம். 370 கணிப்பொறியும் குளிரூட்டிய கூடத்திற்குள்தான் வாழ்ந்தது. பிறகு வந்த வீட்டுக் கணிப்பொறிகள் சாதுவானவை. 1980களின் தொடக்கத்தில் வந்தவற்றில் மூளையாகிய சில்லுக்குத் தனி விசிறியே கிடையாது. 1990களில் வேகம் கூடக்கூடச் சில்லின் தலையில் ஓர் அலுமினியத் தகட்டடுக்கு ஏறியது. அதன்மேல் ஒரு விசிறியும் ஏறியது. 2004இல் இன்டெல் நிறுவனம் 'தேஜாஸ்' என்று பெயரிட்டிருந்த தன் அடுத்த சில்லின் திட்டத்தையே கைவிட்டது. வெப்பத்தைச் சமாளிப்பது முக்கியமான சிக்கலாக இருந்தது. ஒரே மூளையை மேலும் மேலும் வேகமாக ஓட்டுவதை விட்டு, இரண்டு மூளைகளை நிதானமாக ஓட்டும் வழிக்கு உலகம் திரும்பியது அப்போதுதான்.

சில்லின் வெப்பம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் ஒப்பீடு. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றும், அதன் அடித்தகடு 200 சதுர செ.மீ. என்றும் கொள்வோம். ஒரு சதுர செ.மீ.க்கு 5 வாட் ஆகிறது. கணிப்பொறிச் சில்லு 65 வாட்தான். ஆனால் அதன் பரப்பு ஒன்றரைச் சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 43 வாட் ஆகிவிடுகிறது! இஸ்திரிப் பெட்டியைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்.

விளையாடும்போது மட்டும் ஏன்?

கடிதம் தட்டச்சு செய்யும்போது சும்மா இருக்கும் கணிப்பொறி விளையாடும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது? திரையில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 முறை படம் மாற வேண்டும். ஆகவே ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்! ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம், நிழல், தூரம் என்று பல கணக்குகள் வேறு. இந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. கடிதம் தட்டச்சு செய்யும்போது அதற்கு ஏறத்தாழ ஓய்வு. விளையாடும்போது ஓய்வே இல்லை.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல விளையாட்டுகளில் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால், கிராபிக்ஸ் கார்டு தன்னால் முடிந்த மட்டும் விநாடிக்கு 120, 150 என்று படங்களைத் தயாரித்துத் தள்ளும். உங்கள் திரையோ 60 படம்தான் காட்டும். மீதிப் படங்களை யாரும் பார்ப்பதில்லை. அவற்றின் வெப்பம் மட்டும் பெட்டிக்குள் சேர்கிறது. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் 60 என்று வரம்பு வைத்தால் செலவில்லாமலேயே சூடு குறையும். விளையாட்டை நிறுத்தச் சொல்லும் அப்பாவுக்கும் உங்களுக்கும் இடையே இது ஒரு நல்ல சமாதான உடன்படிக்கை அல்லவா?

வெப்பம் போகும் பாதை

வெப்பத்தை அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு அனுப்பத்தான் முடியும். கணிப்பொறிக்குள் அந்தப் பயணத்தில் நான்கு நிலையங்கள் உள்ளன. சில்லிலிருந்து பசை வழியாக அலுமினியத் தகட்டடுக்குக்குப் போக வேண்டும். தகட்டடுக்கிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். அந்தக் காற்று பெட்டியை விட்டு அறைக்குள் போக வேண்டும். அறையிலிருந்து வெளியே போக வேண்டும். இந்த நான்கில் எங்கே வழி அடைத்தாலும் சில்லு சூடேறும்.

முதல் நிலையத்தைப் பாருங்கள். சில்லின் மூடியும் தகட்டடுக்கின் அடிப்புறமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் ஒட்டி வைத்தால் நடுவில் காற்று தங்கும். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. பரப்பு 10 சதுர செ.மீ., இடைவெளி 0.1 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், 65 வாட் வெப்பத்தை அந்தக் காற்றுப் படலம் வழியாக மட்டும் அனுப்புவதற்கு 250 டிகிரி வெப்பநிலை வேறுபாடு வேண்டியிருக்கும்! அதே இடைவெளியை நல்ல வெப்பப் பசையால் நிரப்பினால் ஒன்றேகால் டிகிரி போதும். கடைகளில் 'தெர்மல் பேஸ்ட்' என்று கேட்டால் ஒரு சிறு குழாயில் தருவார்கள். நாள்பட்டால் இந்தப் பசை உலர்ந்து வெடித்துப்போகிறது. வெடித்த இடத்தில் மறுபடியும் காற்று புகுந்துகொள்கிறது.

இனிக் காற்றின் வேலை. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1200 ஜூல் தேவை. 300 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், விநாடிக்கு 25 லிட்டர் காற்று பெட்டிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். நாம் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ இரண்டு குடம் காற்று, ஒவ்வொரு விநாடியும்! தூசியால் வழி பாதி அடைந்து ஒரு குடம் மட்டுமே போனால், காற்று 10 டிகிரிக்குப் பதில் 20 டிகிரி சூடாகும். அந்தச் சூட்டை எல்லாம் சில்லும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

நம் கடலோரக் காற்று

இந்த இரண்டு குடம் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது நீங்கள் வாழும் ஊரைப் பொறுத்தது. இங்கேதான் நம் பகுதி மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபடுகிறது.

முதலாவது, உப்பு. அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் மிதந்து வருகின்றன. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பிகள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோர்ப்பது இதனால்தான். சென்னைக் கடலோரத்தில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் இந்த அளவைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆகவே தகட்டடுக்கில் படிந்த தூசி இரவில் ஈரமாகிறது, பகலில் காய்கிறது. நாளடைவில் அது ஊதினால் பறக்கும் தூசியாக இருப்பதில்லை. அடை போலக் கெட்டியாகிவிடுகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரியும் சாம்பலும் புகையும். இராயபுரம், காசிமேடு மக்கள் பல்லாண்டுகள் துறைமுகத்திலிருந்து பறந்து வந்த நிலக்கரித் தூசியோடு வாழ்ந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்று, அந்த வேலை எண்ணூர்த் துறைமுகத்திற்குப் போனது. இராயபுரத்துக்கு விடிவு வந்தது. தூசி வடக்கே நகர்ந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டாலும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள பெரிய அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. அவற்றின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருப்பது அனைவரும் அறிந்தது. மணலித் தொழிற்பகுதி 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றோடு சரக்குப் பெட்டக லாரிகளின் டீசல் புகை வேறு.

ஆகவே வெளியூர்ப் புத்தகத்தில் "ஆண்டுக்கு ஒரு முறை தூசி தட்டினால் போதும்" என்று எழுதியிருந்தால், அந்தக் கணக்கை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு எத்தனை மாதம் என்பதை நாமே அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கழித்துப் பாருங்கள்

பதினோராம் வகுப்பில் நியூட்டனின் குளிர்வு விதியைப் படித்திருப்பீர்கள். ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அந்தப் பொருளுக்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கணிப்பொறிக்கும் இதே விதிதான். ஒரே விளையாட்டு, ஒரே விசிறி வேகம், சுத்தமான பாதை என்றால், சில்லுக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ மாறாமல் இருக்கும்.

சில்லின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன. சில்லுக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கிறது. அறையின் வெப்பநிலைக்குச் சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி போதும். இருபது நிமிடம் விளையாடிய பிறகு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தை மாதத்தில் அறை 27 டிகிரி, சில்லு 72 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 45. வைகாசியில் அறை 37, சில்லு 82 என்றால், வேறுபாடு அதே 45. இங்கே கணிப்பொறிக்கு எந்த நோயும் இல்லை. கோடையின் பத்து டிகிரி அப்படியே சில்லின் மேல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அறையின் காற்றோட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள அறை என்றால், பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு விளையாடலாம். அதே வைகாசியில் அறை 37, சில்லு 97 என்று காட்டினால் வேறுபாடு 60 ஆகிவிட்டது. பாதையில் எங்கோ அடைப்பு! இப்போது பெட்டியைத் திறக்க வேண்டும். 97 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவருக்கும், 60 என்ற எண்ணைக் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கும் உள்ள தூரம் பெரிது.

சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்கு 90 முதல் 100 டிகிரி வரை எல்லை வைத்திருக்கிறார்கள். அதை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணிப்பொறி அணைந்துவிடும். 2001இல் 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்ற ஆய்வு இதழினர் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். 'குவேக்' என்ற விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லின் தலையிலிருந்த தகட்டடுக்கைக் கழற்றி எடுத்தார்கள். இன்டெல்லின் பென்டியம் 4 சில்லு நத்தை வேகத்திற்கு இறங்கி உயிர் பிழைத்தது; மீண்டும் தகட்டடுக்கை வைத்ததும் பழைய வேகத்திற்கு வந்தது. ஏ.எம்.டி.யின் அத்லான் சில்லு புகைந்து செத்தது. இன்று எல்லாச் சில்லுகளிலும் தற்காப்பு உண்டு. ஆகவே படம் விட்டுவிட்டு நகர்வதும் கணிப்பொறி அணைவதும் பெரும்பாலும் இறந்ததன் அடையாளம் அல்ல. இறக்காமல் தப்பித்துக்கொண்டதன் அடையாளம்.

திருப்புளியை எடுங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணிப்பொறி என்றால் முதலில் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

முதலில் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணிப்பொறி மேசையின் மூடிய அறைக்குள்ளா? பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலா? தூசி படக் கூடாதென்று அம்மா போட்ட துணி உறை மேலேயே இருக்கிறதா? பின்புறம் ஒரு சாண் இடமாவது விட்டு, உறையை எடுத்துவிட்டு, மறுபடி அளந்து கழித்துப் பாருங்கள். சில வீடுகளில் சிகிச்சை இதோடு முடிந்துவிடும்.

குறையாவிட்டால் பக்கவாட்டுத் தகட்டை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே எதையும் தொடாமல் ஓட்டி அளவெடுங்கள். வேறுபாடு நன்றாகக் குறைந்தால், பெட்டிக்குள் காற்று வந்துபோகும் வழியில் கோளாறு. குறையவே இல்லை என்றால், தகட்டடுக்கில் தூசி அல்லது பசையில் கோளாறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளப்பது ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற முறைதான்.

சுத்தம் செய்வதற்கு முன் கணிப்பொறியை அணைத்து, சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். மென்மையான தூரிகையால் தூசி அடையை உதிர்த்து, ஊதுவானால், அதாவது கடைக்காரர்கள் 'புளோயர்' என்று சொல்லும் கருவியால், வெளியே தள்ளலாம். வீட்டு வாசலில் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றடித்துச் சுற்றும் விசிறி ஒரு சிறு மின்னாக்கியாக மாறிவிடும். அளவுக்கு மீறிய வேகத்தில் அதன் அச்சும் தேய்ந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்ச அளவு 325 வோல்ட். அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அந்த அளவு மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதன் ஜன்னல் வழியே வெளியிலிருந்து தூசியை ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூசி போயும் வேறுபாடு குறையவில்லை என்றால் பசையை மாற்ற வேண்டும். கணிப்பொறியைச் சிறிது நேரம் ஓட்டிப் பசை இளகியதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, தகட்டடுக்கை மெல்லத் திருகினாற்போல் அசைத்து எடுக்க வேண்டும்; வெடுக்கென்று இழுத்தால் சில்லும் கூடவே வந்துவிடலாம். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதுப்பசையை நடுவில் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகப் பயன் என்று எண்ண வேண்டாம். மேடு பள்ளத்தை நிரப்பும் அளவே போதும். தடித்த படலமே ஒரு தடையாகும். முதல் தடவை மட்டும் விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

செய்யக் கூடாதவையும் உண்டு. பெட்டியின் மேல் ஐஸ் வைப்பதும், ஈரத்துணி போர்த்துவதும் நம் ஊரில் ஆபத்து. சென்னைக் கோடையில் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனி படிகிற நாட்கள் பல. ஐஸ் பட்ட தகட்டின் உட்புறம் செம்பில் குளிர்ந்த நீர் வைத்தாற்போல் வியர்க்கும். அந்த வியர்வை மின்சுற்றின் மேல் சொட்டும்.

செலவையும் குப்பையையும் எண்ணிப் பாருங்கள்

ஒரு குழாய்ப் பசை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். புதுக் கணிப்பொறி என்றால் பல ஆயிரம். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பத்திற்கு அது சில மாதச் சம்பளம். கொடுத்த பணத்தோடும் கதை முடிவதில்லை. தூக்கி எறிந்த பெட்டியில் ஈயம் முதலான நச்சு உலோகங்கள் இருக்கின்றன. மின்னணுக் கழிவுகளைப் பற்றி 2016இலும் 2022இலும் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது; ஆனால் வீட்டிலேயே இன்னும் ஐந்து ஆண்டு ஓடும் ஒரு கணிப்பொறி கழிவே ஆவதில்லை.

"பிள்ளைகள் கையில் திருப்புளியைக் கொடுத்தால் உள்ளதையும் கெடுத்துவிடுவார்கள்" என்று சில ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதனால்தான் இந்த வேலை பள்ளியில் ஆசிரியரின் கண்ணெதிரே பழகப்பட வேண்டும் என்கிறேன். ஓடாமல் மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்று பல பள்ளிகளில் இருக்கும். மாதம் ஒரு பாடவேளை அதை மேசை மேல் வைத்துக் கழற்றிப் பூட்டினால், வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமும் தேர்வுக்கு மட்டும் உரிய சொற்களாக இரா.

மற்றொரு கணக்கையும் மறக்கக் கூடாது. 300 வாட் கணிப்பொறியை மூன்று மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் மின்சாரம். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் தயாரிக்கச் சுமார் 700 கிராம் இந்திய நிலக்கரி எரிய வேண்டும்; அதில் 200 கிராமுக்கும் மேல் சாம்பல் மிஞ்சும். நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியே வானத்திற்கும் குளிர்விக்கும் நீர் வழியே வெளியிலும் போகிறது. நம் வீட்டு மின்சாரம் எந்த நிலையத்தில் பிறந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் யாரும் பார்க்காத 90 படங்களுக்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல், யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் விழுகிறது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் குடியிருப்பவர்.

தூசியைக் கொட்டிவிடாதீர்கள்

கணிப்பொறியின் விசிறி இழுத்த அதே காற்றைத்தான் அந்த அறையில் நீங்களும் இழுத்தீர்கள். கணிப்பொறியைத் திறந்து தூரிகையால் துடைத்துவிடலாம். நுரையீரலை அப்படித் திறந்து துடைக்க வழியில்லை. 2.5 மைக்ரான் அளவுள்ள நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது 2009இல் வகுத்த நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5 மைக்ரோகிராம். மணலியிலும் இராயபுரத்திலும் காற்றை அளக்கும் நிலையங்கள் உள்ளன. கணிப்பொறியின் சூட்டை அளக்கப் பழகிய மாணவர்கள் அந்த எண்களையும் படிக்கப் பழக வேண்டும்; அவை வரம்பைத் தாண்டும்போது ஏன் என்று கேட்கவும் பழக வேண்டும்.

ஆகவே தகட்டடுக்கிலிருந்து உதிர்ந்த தூசியைக் குப்பையில் கொட்டாமல் ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டிப் பள்ளிக்குக் கொண்டு செல்லுங்கள். காகிதத்தின் அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே நகரும் துகள்களில் இரும்பு இருக்கிறது. ஒரு சிட்டிகைத் தூசியைச் சில துளி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்த நீரைக் கண்ணாடித் தகட்டில் காயவிடுங்கள். கனசதுரப் படிகங்கள் தோன்றினால் அது கடல் தந்த உப்பு. மீதியை நுண்ணோக்கியில் பாருங்கள். இழை இழையாகத் தெரிவது துணி நூல். உருண்டையான கண்ணாடி மணிகள்போல் மின்னுபவை தெரிந்தால், அவை பெரிய உலையின் கடும் சூட்டில் உருகி, பரப்பு இழுவிசையால் உருண்டு, காற்றில் உறைந்த சாம்பல் துகள்கள்.

எந்தத் தெரு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், சுத்தம் செய்து எத்தனை மாதம், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் கழித்து வந்த விடை என்ன, நுண்ணோக்கியில் கண்டது என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு வகுப்பில் முப்பது பேர் குறித்தால் அதுவே நம் பகுதிக் காற்றின் வரைபடமாகிவிடும். அப்படிக் குறித்தவர்கள் ஆசிரியரிடம் காட்டிவிட்டு இந்த இதழுக்கும் எழுதி அனுப்புங்கள்.